2,500 ரூபாய்ச் சட்டைக்கு எத்தனை பில்? – மென்பொருள் சோதனை, பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

மென்பொருள் சோதனையும் பராமரிப்பும் பற்றி மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

பி.காம். முடித்து, ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் மூன்றாண்டுகளாகப் பில்களையும் வவுச்சர்களையும் பதிவு செய்யும் வேலை பார்க்கிறேன். கணினி அறிவியல் படிக்காத நான் மென்பொருள் சோதனை கற்றுக்கொள்ள முடியுமா, ஐயா? முடியும் என்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகி, திருமங்கலம்

முடியும். மூன்றாண்டுகள் வவுச்சர் பதிவு செய்ததை ஒரு குறையைப் போல எழுதியிருக்கிறீர்கள்; எனக்கு அது கைமுதலாகத் தெரிகிறது. ஒரு மென்பொருளைச் சோதிப்பவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது, அந்த மென்பொருள் எந்த வேலைக்காக எழுதப்பட்டதோ அந்த வேலை. பில் எப்படிப் போடப்படுகிறது, எங்கே தவறு நேரும், தவறு நேர்ந்தால் யார் வந்து சண்டை போடுவார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நிரல் எழுதத் தெரிந்த பலருக்கு அது தெரியாது.

ஆகவே கருவிகளையும் கலைச்சொற்களையும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் கையில் ஏற்கனவே இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஆயத்த ஆடைகளுக்கான ஜிஎஸ்டி விதி 22.9.2025 முதல் மாறியதைப் பதிவு செய்திருப்பீர்கள்: ஒரு உருப்படியின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய்க்கு மிகாவிட்டால் 5 சதவீதம், மிகுந்தால் 18 சதவீதம். இந்த ஒரு விதியைச் செயல்படுத்தும் பில்லிங் மென்பொருளைச் சோதிக்கும்படி உங்களிடம் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் 800 ரூபாய்ச் சட்டைக்கு ஒரு பில், 3,000 ரூபாய்ச் சட்டைக்கு ஒரு பில் போட்டுப் பார்த்து, இரண்டும் சரியாக வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். அவர்கள் செய்தது தவறன்று. 1 ரூபாய் முதல் 2,500 வரை உள்ள எல்லா விலைகளையும் மென்பொருள் ஒரே விதமாக நடத்த வேண்டும் என்பதால், அவற்றை ஒரு கூட்டமாகக் கொண்டு ஒரு விலையை மட்டும் எடுத்துப் பார்ப்பது முறையான வழிதான். ஆனால் பிழைகள் கூட்டத்தின் நடுவில் குடியிருப்பது அரிது. அவை வேலியோரத்தில்தான் இருக்கும். நிரல் எழுதியவர் ‘மிகாவிட்டால்’ என்பதைக் ‘குறைவாக இருந்தால்’ என்று புரிந்துகொண்டிருந்தால், சரியாக 2,500 ரூபாய்க்கு விற்ற சட்டைக்கு மட்டும் 18 சதவீதம் விழும். மற்ற எல்லா விலைகளும் சரியாகவே வரும். எனவே 2,500-க்கு ஒரு பில், 2,499-க்கு ஒன்று, 2,501-க்கு ஒன்று, முடிந்தால் 2,500 ரூபாய் 50 காசுக்கு ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு எல்லை மதிப்புப் பகுப்பாய்வு என்று பெயர். பெயரை மறந்தாலும் பழக்கத்தை மறக்காதீர்கள்.

இத்தோடு முடியவில்லை. 1,400 ரூபாய்ச் சட்டைகள் இரண்டை ஒரே வரியில் பில் போட்டால் தொகை 2,800 ஆகிறது. விதி ஒரு உருப்படிக்கானது. மென்பொருள் மொத்தத் தொகையைப் பார்த்து 18 சதவீதம் போட்டுவிடுகிறதா? 2,800 ரூபாய் விலையுள்ள சட்டைக்குப் பில்லிலேயே 15 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விற்பனை மதிப்பு 2,380 ஆகிறது. மென்பொருள் தள்ளுபடிக்கு முந்தைய விலையைப் பார்க்கிறதா, பிந்தையதையா? இரண்டையும் ஒவ்வொரு பில்லில் சோதித்துவிடலாம்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். நம் கடைகளில் சட்டையின் சீட்டில் போட்டிருப்பது வரியும் சேர்ந்த விலை. அந்த விலையிலிருந்து வரியைப் பிரித்தெடுத்து மதிப்பைக் காண வேண்டியது மென்பொருளின் பொறுப்பு. வரி சேர்ந்த விலை 2,700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதம் என்று கொண்டு பிரித்தால் மதிப்பு 2,571 ரூபாய் 43 காசு. அது 2,500-ஐத் தாண்டிவிட்டதால் 5 சதவீதம் பொருந்தாது. சரி, 18 சதவீதம் என்று கொண்டு பிரித்தால் மதிப்பு 2,288 ரூபாய் 14 காசு. அது 2,500-க்குள் அடங்குவதால் 18 சதவீதமும் பொருந்தாது. 2,625-ஐத் தாண்டி 2,950 வரை சீட்டு விலையுள்ள ஒவ்வொரு சட்டையும் இந்தச் சிக்கலில் மாட்டும். கணினி இதில் ஏதோ ஒரு விகிதத்தைத் தேர்ந்தெடுத்துப் பில்லை அச்சடித்துக்கொண்டுதான் இருக்கும்; எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இதற்கு விடை கண்டுபிடிப்பது சோதிப்பவரின் வேலையன்று, தணிக்கையாளரின் வேலை. ஆனால் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதைக் கடை திறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துக் கேட்பது சோதிப்பவரின் வேலை. நீங்கள் தணிக்கையாளர் அலுவலகத்திலேயே அமர்ந்திருக்கிறீர்கள் என்பதை மீண்டும் ஒருமுறை நினைவுபடுத்துகிறேன்.

அடுத்து, கண்ட பிழையை எழுதும் பழக்கம். “பில் தப்பாக வருகிறது” என்று எழுதினால் நிரலாளர் தம் கணினியில் ஒரு பில் போட்டுப் பார்த்துவிட்டு, “எனக்குச் சரியாகத்தான் வருகிறது” என்று திருப்பி அனுப்பிவிடுவார். “பதிப்பு 4.2. புதிய பில்லில் ஆயத்த ஆடை வகைச் சட்டை, விலை 1,400, எண்ணிக்கை 2 என்று உள்ளிட்டுச் சேமித்தேன். வரி 5 சதவீதப்படி 140 ரூபாய் வர வேண்டும். 18 சதவீதப்படி 504 ரூபாய் வருகிறது. எண்ணிக்கை 1 என்று போட்டால் சரியாக வருகிறது. மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் இப்படியே வந்தது” என்று எழுதிப் பாருங்கள். என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது, எப்போது வரவில்லை என்ற நான்கும் அதில் இருக்கின்றன. அந்த நான்காவது செய்தி இருந்தால் நிரலாளருக்குப் பாதி வேலை மிச்சம். யாரையும் குறை சொல்லும் தொனி அதில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இப்படி முப்பது, நாற்பது சோதனைகளை ஒரு எக்செல் தாளில் எழுதிப் பழகிய பிறகு, தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். திரையில் தெரிவதும் உள்ளே சேமிக்கப்பட்டதும் ஒன்றுதானா என்று பார்க்க அது வேண்டும். பாடமாகக் கேட்க விரும்பினால், நடுவண் அரசின் ஸ்வயம் தளத்தில், ஐஐடிகளின் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல் வழங்கும் மென்பொருள் சோதனை வகுப்புகளைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். சான்றிதழுக்கான தேர்வை எழுதினால் மட்டும் கட்டணம்.

காளவாசல் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில், ஆறு வாரத்தில் செலினியம் கற்றுத் தந்து வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். இன்னொருவர் ஐஎஸ்டிக்யூபி சான்றிதழ் இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்கிறார். எதை நம்புவது?
– பொறியியல் இறுதியாண்டு மாணவர், மேலூர்

வேலைக்கு உறுதி சொல்லும் எவரிடமும் அந்த உறுதியை எழுத்தில் கேளுங்கள்; பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

செலினியம் நல்ல கருவி. 2004-ல் தொடங்கி இன்றுவரை உயிரோடிருப்பதே அதற்குச் சான்று. உலாவியில் ஒரு மனிதர் செய்யும் சொடுக்குகளையும் தட்டச்சையும் அது தானாகச் செய்து, வந்த விடையை நாம் சொன்ன விடையோடு ஒப்பிட்டுச் சொல்லும். அதற்கு மேல் அதற்குத் தெரியாது. புதுமண்டபத்தில் வரிசையாகத் தையல் இயந்திரங்கள் ஓடிய காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இயந்திரம் தைத்ததே தவிர, அளவெடுத்தவர் மனிதர். 2,500-ஐயும் 2,501-ஐயும் சோதிக்க வேண்டும் என்று தோன்றாதவர், 800 ரூபாய்ச் சட்டைக்கு ஒரே இரவில் ஆயிரம் பில் போட்டுவிட்டு, ஆயிரமும் சரி என்று பச்சை நிறத்தில் அறிக்கை தருவார்.

தானியங்கிச் சோதனையில் இன்னொரு மயக்கமும் உண்டு. ஒரே மருந்தை ஆண்டுதோறும் அடித்தால் பூச்சி அதற்குப் பழகிவிடும் என்பது உங்கள் ஊர் நெல் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். போரிஸ் பெய்சர் என்ற அமெரிக்க வல்லுநர் அதையே சோதனைக்கும் சொல்லி, பூச்சிக்கொல்லி முரண் என்று பெயரிட்டார்: ஒரே சோதனைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் அவை புதிய பிழைகளைக் கண்டுபிடிப்பதை நிறுத்திவிடும். தானியங்கியின் பயன், நேற்றுச் சரியாக இருந்தது இன்றும் சரியாக இருக்கிறதா என்று அலுக்காமல் பார்ப்பதில் இருக்கிறது. புதிய பிழையைத் தேட நீங்கள்தான் உட்கார வேண்டும்.

ஐஎஸ்டிக்யூபி என்பது 2002-ல் தொடங்கப்பட்ட பன்னாட்டு அமைப்பு. அதன் அடிப்படை நிலைத் தேர்வில் 40 கேள்விகள், 60 நிமிடங்கள். 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. தாய்மொழியல்லாத மொழியில் எழுதுபவர்களுக்குக் கூடுதலாக 15 நிமிடம் உண்டு, கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் அவர்கள் தளத்திலேயே கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதை முதலில் படியுங்கள். கலைச்சொற்கள் ஒழுங்காக மனத்தில் அமரும், நேர்காணலில் தடுமாற்றம் குறையும். தேர்வுக் கட்டணத்தைக் கட்டுவதா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம். சான்றிதழ் உங்கள் விண்ணப்பத்தை மேசை வரை கொண்டு சேர்க்கும். மேசைக்கு அந்தப்பக்கம் நான் உட்கார்ந்திருந்த நாட்களில், வந்தவரிடம் என் பேனாவைக் கொடுத்து “இதைச் சோதியுங்கள்” என்று சொல்வேன். “இது எழுதுவதற்கா, கையெழுத்துக்கா, பரிசுக்கா?” என்று திருப்பிக் கேட்டவர்களைத்தான் பெரும்பாலும் எடுத்தோம்.

விளக்குத்தூண் அருகே துணிக்கடை வைத்திருக்கிறேன். பில்லிங் மென்பொருளை முழுப் பணம் கொடுத்து வாங்கிய பிறகும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கேட்கிறார்கள். அதில் தேய்வதற்குப் பல்சக்கரமா இருக்கிறது, துருப்பிடிப்பதற்கு இரும்பா இருக்கிறது? எதற்கு இந்தக் கட்டணம்?
– கடை உரிமையாளர், மதுரை

கேள்வி நியாயமானது, மென்பொருள் தேய்வதில்லை என்பதும் உண்மை. ஆனால் அது நிற்கும் தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது உங்கள் பழைய மென்பொருளில் ஒரு எழுத்துகூடக் கெட்டுப்போகவில்லை. ஆனாலும் அன்று காலை அது பயனற்றுப் போயிருக்கும். 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி மன்றம் விகிதங்களை மாற்ற முடிவெடுத்தது. நவராத்திரி தொடங்கிய 22-ஆம் தேதியே புதிய விகிதங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இடையில் இருந்தவை 19 நாட்கள். தீபாவளி அக்டோபர் 20. அந்த 19 நாட்களில் விகிதத்தை மாற்றி, மாற்றியதைச் சோதித்து, உங்கள் கடைக் கணினிக்கு அனுப்பி வைக்க யாரோ சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் கட்டும் கட்டணத்தின் பெரும்பகுதி அவர்களுக்கானது.

விகிதத்தை மாற்றுவது ஓர் எண்ணை மாற்றுவதுதானே என்று கேட்பீர்கள். 21-ஆம் தேதி ஒருவர் 1,500 ரூபாய் மதிப்புள்ள சட்டையை, அன்றைய விகிதமான 12 சதவீதத்தில் 180 ரூபாய் வரி கொடுத்து, 1,680 ரூபாய்க்கு வாங்கிச் செல்கிறார். 25-ஆம் தேதி அளவு சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறார். மென்பொருள் இன்றைய விகிதத்தைப் பார்த்து 5 சதவீதம் போட்டால் 1,575 ரூபாய்தான் திரும்ப வரும். 105 ரூபாய்க்காக உங்கள் கல்லாவின் முன்னால் ஒரு பெரிய சச்சரவு நடக்கும். பொருளைத் திரும்ப எடுக்கும்போது பழைய பில்லுக்காகப் போடும் வரவுக்குறிப்பு பழைய விகிதத்திலேயே போக வேண்டும். ஆகவே மென்பொருள் இன்றைய விகிதத்தை மட்டும் அறிந்திருந்தால் போதாது. எந்தத் தேதியில் எந்த விகிதம் இருந்தது என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பராமரிப்பு என்றால் பிழை திருத்துவது என்று பலரும் எண்ணுகிறார்கள். 1980-ல் லியன்ட்ஸ், ஸ்வான்சன் ஆகிய இருவர் அமெரிக்காவில் 487 நிறுவனங்களைக் கேட்டறிந்து வெளியிட்ட ஆய்வில், பராமரிப்பு உழைப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் பிழை திருத்தத்துக்குப் போனது. மீதியில் பெரும்பகுதி, மாறிய சூழலுக்கு ஏற்ப மென்பொருளை மாற்றவும், பயன்படுத்துவோர் புதிதாகக் கேட்டதைச் சேர்க்கவும் போனது. “வாடிக்கையாளரின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் பில் போக வேண்டும்” என்று நீங்கள் கேட்டிருந்தால், அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். பின்னால் தொல்லை வராமல் முன்கூட்டியே உள்ளே ஒழுங்குபடுத்தி வைப்பது நான்காவது வகை. அதற்குப் பணம் கேட்டால் யாரும் தருவதில்லை என்பது வேறு விஷயம்.

மாற்றம் செய்தால் மாற்றிய இடத்தை மட்டும் சோதித்தால் போதாது, மாறாத இடங்களையும் மறுபடி சோதிக்க வேண்டும். இதைத் தொழிலில் ரிக்ரெஷன் டெஸ்டிங் என்பார்கள். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு நிதி நிறுவனத்தின் ரசீது மென்பொருளில், வாடிக்கையாளர் பெயருக்கான இடத்தை 20 எழுத்திலிருந்து 30 எழுத்தாக்கினார்கள். நீளமான ஒரு பெயரை உள்ளிட்டேன், சேமித்தது, தேடினேன், கிடைத்தது, ஒரு ரசீதை அச்சடித்தேன், முழுப் பெயரும் வந்தது. சரி என்று கையெழுத்திட்டேன். அங்கே டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியில், முன்னரே அச்சிட்ட தொடர் தாளில், ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ரசீதுகள் ஓடும். நீளமான பெயர் வந்த ஒவ்வொரு ரசீதும் ஒரு வரி கூடுதலாக எடுத்துக்கொண்டது. ஒரு வரி நகர்ந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை. இருபது நீளப் பெயர்கள் கடந்தபோது, ஒருவர் கட்டிய தொகை அடுத்தவர் ரசீதின் தலையில் அச்சாகிக்கொண்டிருந்தது. நான் மாறிய பெயரைச் சோதித்தேன். மாறாத தொகையைச் சோதிக்கவில்லை. ஒரு ரசீதைப் பார்த்தேன்; ஒரு கட்டைப் பார்க்கவில்லை. அன்று மாலை எங்கள் மேலாளர் என்னைத் திட்டாமல், அந்தத் தாள் கட்டை முழுவதுமாக என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 1996 ஜூன் 4 அன்று ஏவப்பட்ட ஏரியன் 5 ஏவூர்தி சுமார் 40 விநாடிகளில் சிதறியது. ஏரியன் 4-ல் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்த நிரல்பகுதி அப்படியே இதில் எடுத்தாளப்பட்டிருந்தது. புதிய ஏவூர்தியின் கிடைமட்ட வேகம் அதிகம். 32,767-க்கு மேல் தாங்காத இடத்தில் அதைவிடப் பெரிய எண்ணைத் திணிக்க முயன்றபோது வழிகாட்டும் கணினி செயலிழந்தது. நிரல் மாறவில்லை, ஏவூர்தி மாறிவிட்டது.

எனவே கட்டணத்தைக் கட்டுங்கள். ஆனால் வெறும் ரசீதை வாங்கி வைக்காதீர்கள். ஆண்டில் எத்தனை முறை புதுப்பிப்பார்கள், வரி மாறினால் எத்தனை நாளில் தருவார்கள், உங்கள் தரவின் நகல் யாரிடம் இருக்கும், நகலிலிருந்து மீட்டுக் காட்டுவார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். புதிய பதிப்பை ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் ஏற்ற விடாதீர்கள்; செவ்வாய் அல்லது புதன் காலையில் ஏற்றச் சொல்லி, முதல் பத்துப் பில்களை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊர் நூலகத்தில் உறுப்பினர் பட்டியலைத் தமிழில் கணினியில் ஏற்றினோம். சில பெயர்கள் பட்டியலில் கண்ணெதிரே இருக்கின்றன. தேடினால் ‘இல்லை’ என்கிறது. மென்பொருள் செய்து தந்தவரோ தம் பக்கம் பிழையில்லை என்கிறார்.
– நூலக நண்பர், உசிலம்பட்டி

அவர் ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்திருப்பார். அந்தச் சோதனையில் பிழை தெரிந்திருக்க வழியில்லை.

‘கோ’ என்ற எழுத்தை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு முறையான ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒற்றைக் குறியீட்டைச் சேர்ப்பது ஒரு வழி. ககரத்தோடு இரட்டைச் சுழியையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு. ஒரு விசைப்பலகையில் பதிவு செய்த கோபாலை மற்றொரு விசைப்பலகையில் தேடினால் கிடைக்காமல் போவதற்கு இது போதும். ‘ஸ்ரீ’ என்பதற்கும் இரண்டு குறியீட்டு வரிசைகள் உண்டு. ஔவையை ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டச்சு செய்பவர்களும் இருக்கிறார்கள். முதல் வகைச் சிக்கலுக்குத் தீர்வு எளிது: சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒருங்குறி இயல்பாக்கம் பெரும்பாலான நிரல்மொழிகளில் ஆயத்தமாக இருக்கிறது, ஓரிரு வரி எழுதினால் போதும். ‘ஸ்ரீ’யையும் ஔவையையும் அது சரிசெய்யாது, அவற்றுக்குத் தனியே மாற்று விதி எழுத வேண்டும். ஏற்கனவே பதிந்த பெயர்களையும் ஒருமுறை மாற்றிவிடச் சொல்லுங்கள்.

தமிழ் மென்பொருளைச் சோதிப்பவர்கள் இதையொட்டி வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். ‘மதுரை’ நமக்கு மூன்று எழுத்து, ஒருங்குறியில் ஐந்து குறியீடு, அந்தக் குறியீடுகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டு. “பெயர் 30 எழுத்துக்குள்” என்று படிவம் சொல்லும்போது இந்த மூன்றில் எதைச் சொல்கிறது என்று கேளுங்கள். ‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்று அடம்பிடிக்கும் படிவத்தில் தலைப்பெழுத்து மட்டுமே உள்ள நம் பெயர் எப்படிப் போகும் என்று பாருங்கள். குறுஞ்செய்தி அனுப்பும் வசதி இருந்தால், ஆங்கிலத்தில் 160 குறியீடு கொள்ளும் ஒரு செய்தி தமிழில் 70 மட்டுமே கொள்ளும் என்பதால், நீளமான தமிழ்ச் செய்திக்குக் கட்டணம் இரட்டிப்பாகிறதா என்றும் சரிபாருங்கள்.

கணினியில் ஒரு பூச்சி புகுந்ததால்தான் பிழைக்கு ‘பக்’ என்று பெயர் வந்ததாமே, உண்மையா?
– வாசகர், செல்லூர்

பூச்சி உண்மை, பெயர்க்காரணம் பொய். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியில், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே ஒன்றில் சிக்கியிருந்த விட்டில்பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தக் குறிப்பேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் கருவிகளின் கோளாறுகளை ‘பக்’ என்று எடிசன் 1878-லேயே கடிதத்தில் எழுதியிருக்கிறார். குறிப்பேட்டில் ஒட்டியவர்கள், உண்மையான பூச்சியே அகப்பட்டுவிட்டது என்று வேடிக்கையாக எழுதினார்கள், அவ்வளவுதான்.

இலந்தைக்குளம் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை கிடைத்தது. புதிதாக ஏதாவது எழுதுவோம் என்று நினைத்தால், என்னைப் பராமரிப்புப் பிரிவில் போட்டுவிட்டார்கள். பதினைந்து ஆண்டுப் பழைய நிரல், எழுதியவர்கள் யாரும் இப்போது இல்லை, ஆவணமும் இல்லை. நண்பர்கள் கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றும் தெரியவில்லை.
– இளம் பொறியாளர், ஒத்தக்கடை

பதினைந்து ஆண்டுகளாக ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், யாருக்கோ அது ஒவ்வொரு நாளும் தேவைப்படுகிறது என்று பொருள். புதிதாக எழுதத் தொடங்கி, ஒரு நாள்கூட ஓடாமல் கைவிடப்பட்ட திட்டங்களில் நான் மூன்றாண்டுகளைச் செலவழித்திருக்கிறேன். அவற்றைப் பற்றிச் சொல்லத்தான் எனக்குக் கூச்சம்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். நிரலை முதல் பக்கத்திலிருந்து கதைபோலப் படிக்க முயலவும் வேண்டாம். அப்படிப் படித்து முடித்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை. ஒரு பயனாளர் செய்யும் ஒரே ஒரு செயலை, ஒரு ரசீது போடுவதை எடுத்துக்கொண்டு, திரையில் பொத்தானை அழுத்துவதிலிருந்து தரவுத்தளத்தில் ஒரு வரி விழுவதுவரை, அது எந்தெந்தக் கோப்புகள் வழியாகப் போகிறது என்று ஒரு நோட்டில் கையால் வரையுங்கள். மறுநாள் இன்னொரு செயல். பத்துச் செயல்கள் முடிந்தபோது, இதுவரை இல்லாத ஆவணம் உங்கள் நோட்டில் பாதி உருவாகியிருக்கும். பழைய புகார்ப் பதிவுகளையும் படியுங்கள். எந்தக் கோப்பின் பெயர் அடிக்கடி வருகிறதோ அங்கேதான் அடுத்த பிழையும் வரும்.

ஒரு பகுதியை மாற்ற வேண்டி வந்தால், அது இப்போது என்ன செய்கிறதோ அதை அப்படியே பதிவு செய்யும் சோதனைகளை முதலில் எழுதுங்கள். அது செய்வது சரியா, தவறா என்று அப்போது ஆராய வேண்டாம். இன்ன உள்ளீட்டுக்கு இன்ன விடை வருகிறது என்று இருபது, முப்பது நேர்வுகளைக் குறித்து வைத்துவிட்டு மாற்றத்தைச் செய்யுங்கள். பிறகு அவற்றை மீண்டும் ஓட்டினால், நீங்கள் மாற்ற நினைத்தது மட்டும் மாறியிருக்க வேண்டும். வேறொன்றும் மாறியிருந்தால், பயனாளர் கூப்பிட்டுச் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். 1969-ல் ரோம் நகரில் நடந்த மென்பொருள் பொறியியல் மாநாட்டில் டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா சொன்னபடி, சோதனையால் பிழை இருப்பதைத்தான் காட்ட முடியும், இல்லை என்று நிறுவ முடியாது. ஆகவே முப்பதும் தேறியதும் நிம்மதியாக உறங்கிவிடாமல், பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியையும் கையில் வைத்துக்கொண்டு புதியதை ஏற்றுங்கள்.

பொருளற்றதாகத் தோன்றும் வரிகளை அழிப்பதற்கு முன் ஒருநாள் பொறுங்கள். நான் பொறுப்பேற்ற ஒரு பழைய நிரலில், ஒரு குறிப்பிட்ட கிளை எண் வந்தால் மட்டும் மூன்று விநாடி காத்திருக்கும்படி ஒரு வரி இருந்தது. யாரோ சோம்பேறித்தனமாக விட்டுப்போனது என்று எண்ணி அழிக்கக் கையை வைத்தேன். நிரலில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் தேடினால் காரணம் இல்லை. கடைசியாக அந்தக் கிளைக்கே தொலைபேசியில் பேசியபோது, அங்கிருந்த மூத்த எழுத்தர், “எங்களிடம் இருப்பது பழைய அச்சுப்பொறி, தம்பி, முந்தைய தாள் வெளியே வர அவ்வளவு நேரமாகும்” என்றார். அந்த வரியை நான் அழிக்கவில்லை. அதன் மேலே அவர் சொன்ன காரணத்தைக் குறிப்பாக எழுதி, தேதியும் போட்டு வைத்தேன்.